கழுவாய் எந்த வாசல் வழியே?

தமிழில் 'கழுவாய்' என்று ஒரு பழைய சொல் உண்டு. புறநானூற்றின் 34ஆம் பாட்டில் ஆலத்தூர் கிழார் அதை எடுத்தாளுகிறார். பசுவின் மடியை அறுத்தவருக்கும், கருவைச் சிதைத்தவருக்கும்கூடக் கழுவாய் உண்டு; நன்றி கொன்றவருக்கு மட்டும் இல்லை என்பது அங்கே பேசப்படும் அறம். கறையைக் கழுவுவது என்ற உருவம் அந்தச் சொல்லுக்குள்ளேயே கிடக்கிறது. இன்று நம் பேச்சில் அது இல்லை. அதன் இடத்தில் 'பரிகாரம்' இருக்கிறது. பரிகாரம் என்றதும் நெய்விளக்கும் அன்னதானமும் பிராகாரம் சுற்றுவதும் நினைவுக்கு வருகின்றன. இவற்றில் குறை காண்பதற்காக நான் எழுதவில்லை. மனம் கனத்தவர் தெய்வத்தின் முன் போய் நிற்பது இயல்பு. ஆனால் இவையெல்லாம் பெரும்பாலும் செய்தவருக்கும் தெய்வத்துக்கும் இடையிலேயே முடிந்துவிடுகின்றன. யாருடைய வரப்பு வெட்டப்பட்டதோ, யாருடைய கூலி பிடிக்கப்பட்டதோ, யாருடைய பெயர் கெடுக்கப்பட்டதோ, அவர் அந்தச் சந்நிதியில் எங்கும் இல்லை. கழுவாய் கடவுளிடம் போய்ச் சேர வேண்டுமானால், தீங்கு பட்டவரின் வாசல் வழியாகத்தான் போக வேண்டும் என்பது என் வாதம். அதை எடுத்துச் சொல்ல, நமக்கு அதிகம் பழக்கமில்லாத ஒரு சமயத்தின் போதனையைத் துணைக்கு அழைக்கிறேன்.

மார்மன் என்று உலகம் அழைக்கும் அந்தச் சபையின் முழுப்பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. 1830இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் அதைத் தொடங்கினார். தமிழகத்துக்கு அது முற்றிலும் புதிதல்ல. 1853இல் ரிச்சர்டு பாலன்டைன் என்ற ஊழியர் சென்னையில் வந்திறங்கி, ஏறத்தாழ ஓராண்டு பிரசங்கித்துவிட்டுப் போனார். அவருக்குக் கிடைத்த சீடர்கள் மிகச் சிலரே. நூறாண்டுகள் கழித்துக் கோயம்புத்தூரில் பால் திருத்துவதாஸ் என்பவர் கைக்குக் கிடைத்த ஒரு துண்டுப் பிரசுரத்தால் ஈர்க்கப்பட்டுச் சபைக்குக் கடிதம் எழுதி, 1965இல் ஞானஸ்நானம் பெற்றார். இந்தியாவில் அச்சபை கட்டும் முதல் ஆலயத்துக்குப் பெங்களூரில் 2020 டிசம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். ஆனாலும் நம் மக்கள்தொகையில் அவர்கள் ஒரு சிறு துளி. ஜவ்வாது மலையின் அடிவாரத்து ஆலங்காயத்தில் இருந்துகொண்டு அவர்களைப் பற்றி யோசிப்பானேன் என்று கேட்கலாம். ஒரு போதனையின் பெறுமதியைத் தலையெண்ணி முடிவு செய்ய முடியாது. நாம் மறந்துவிட்ட ஒரு சொல்லுக்கு அவர்கள் இன்னும் வேலை கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது போதும், கேட்டுப் பார்ப்பதற்கு.

அவர்கள் போதனையில் மனந்திரும்புதல் என்பது ஓர் உணர்ச்சியோடு நின்றுவிடுவதில்லை. செய்தது தவறு என்று உணர வேண்டும். அதை அறிக்கையிட வேண்டும். பெரிய குற்றமானால் ஆயரிடமும் சொல்ல வேண்டும். திரும்பச் செய்யாமல் விட வேண்டும். இவற்றோடு, கெடுத்ததைச் சீராக்க வேண்டும். எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதும், கெடுத்த பெயரை மீட்டுத் தருவதும் மனந்திரும்புதலின் உறுப்புகள், அலங்காரங்கள் அல்ல. அவர்களின் மறைநூலான மார்மன் புஸ்தகத்தில் இதற்குச் சான்றாக ஒரு கதை உண்டு. மோசியா அரசனின் நான்கு மகன்கள் தங்கள் தோழன் ஆல்மாவோடு சேர்ந்து சபையை அழிக்கப் பார்க்கிறார்கள். பின்பு மனம் மாறுகிறார்கள். மாறியவர்கள் கண்ணீரோடு அமர்ந்துவிடவில்லை. தாங்கள் எந்த ஊர்களில் மனிதர்களைக் கெடுத்தார்களோ அதே ஊர்களுக்குத் திரும்பிப் போய், செய்த கேட்டைச் சரிசெய்ய அலைகிறார்கள். அதே நூலில் இன்னொரு கூட்டத்தார் கொலைத்தொழிலை விட்டுத் தங்கள் வாள்களை மண்ணில் ஆழப் புதைக்கிறார்கள். பிற்பாடு அடைக்கலம் தேடிப் புறப்படும்போது, யாரைக் கொன்று குவித்தார்களோ அந்த மக்களுக்கே, செய்ததை ஈடுசெய்து முடிக்கும்வரை அடிமைகளாக உழைக்கவும் தயார் என்கிறார்கள். அந்த மக்கள் அடிமைத்தனத்தை ஏற்கவில்லை. நிலம் கொடுத்துக் குடியமர்த்திக் காவலும் நிற்கிறார்கள். இந்தக் கதையை வரலாறாக ஏற்காதவரும் அதிலுள்ள திசையைக் கவனிக்க வேண்டும். குற்றவாளியின் கால்கள் பாதிக்கப்பட்டவரை நோக்கி நடக்கின்றன.

இதற்கு இணையாக இன்னொரு கட்டளையும் அவர்களுக்கு உண்டு. 1831இல் ஜோசப் ஸ்மித் வெளியிட்ட ஒரு வெளிப்பாட்டில், யாரை மன்னிப்பது என்பது தேவனின் விருப்பம், ஆனால் மனிதராகிய உங்களுக்கு எல்லாரையும் மன்னிப்பது கடமை என்று வருகிறது. ஒரு பக்கம் இவ்வளவு கறாரான ஈடுசெய்தல். மறு பக்கம் விதிவிலக்கில்லாத மன்னிப்பு. முதல் பார்வைக்கு முரண்போலத் தோன்றும். உண்மையில் இவை இரண்டு தனித்தனிக் கணக்குகள். மன்னிப்பு தீங்கு பட்டவரின் ஏட்டில் எழுதப்படுவது. கழுவாய் தீங்கு செய்தவரின் ஏட்டில். ஒருவர் மன்னித்துவிட்டார் என்பதால் மற்றவரின் கடன் தீர்வதில்லை. ஒருவர் ஈடுசெய்துவிட்டார் என்பதால் மற்றவர் மன்னித்தே ஆக வேண்டும் என்றும் அவர் கேட்க முடியாது. நம் வீடுகளிலும் ஊர்களிலும் நடக்கும் பெரும்பாலான கோளாறுகள் இந்த இரண்டு ஏடுகளையும் ஒன்றாகக் கட்டிவிடுவதால் வருபவை. 'அதான் மன்னிப்புக் கேட்டாச்சே, இன்னும் என்ன?' என்ற கேள்வியில், தன் ஏட்டில் இருக்கும் கடனை அடுத்தவர் ஏட்டில் தள்ளிவிடும் தந்திரம் இருக்கிறது.

அன்றாட வாழ்வில் இது எப்படி நடக்கிறது என்பதற்கும் அவர்களிடம் ஓர் ஒழுங்கு உண்டு. ஞாயிறுதோறும் திருவிருந்து; திராட்சரசத்துக்குப் பதிலாகத் தண்ணீர், அதோடு ரொட்டி. எட்டு வயதில் ஞானஸ்நானத்தின்போது செய்த உடன்படிக்கையை வாரந்தோறும் புதுப்பிப்பது அது. பெரிய தவறு செய்தவரைச் சிறிது காலம் அதை எடுத்துக்கொள்ளாமல் இருக்கும்படி ஆயர் சொல்வதுண்டு. மலைப்பிரசங்கத்தில், காணிக்கையோடு பலிபீடத்துக்கு வந்தவன் தன் சகோதரனுக்குத் தன்மேல் மனக்குறை உண்டென்று நினைவு வந்தால் காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய்ச் சமாதானமாக வேண்டும் என்ற போதனை வருகிறது. எல்லாக் கிறிஸ்தவர்களுக்கும் தெரிந்தது. மார்மன் புஸ்தகம் அதையே மூன்றாம் நேபி என்ற பகுதியில் மீண்டும் சொல்கிறது. வரிசையைக் கவனிக்க வேண்டும்: முதலில் அந்த மனிதர், பிறகுதான் பலிபீடம். வாரம் ஒருமுறை இந்த வரிசையை நினைவூட்டிக்கொள்பவருக்கு, பெரிய குற்றங்கள் சேர்வதற்கு முன்பே சிறியவை கண்ணில் படும். மனைவியிடம் பேசிய கடுஞ்சொல், பங்காளியிடம் மறைத்த கணக்கு ஆகியவற்றை அடுத்த ஞாயிறுக்குள் நேர்செய்யலாம். முப்பது ஆண்டு ஊறவிட்டால் வழக்காகிவிடும்.

போதனை நன்றாக இருக்கலாம். போதிப்பவர்கள் அதன்படி நடந்தார்களா என்று கேட்பதுதான் நியாயம். 1857 செப்டம்பர் 11 அன்று தெற்கு யூட்டாவின் மவுண்டன் மெடோஸ் என்ற புல்வெளியில், ஆர்கன்சாவிலிருந்து கலிபோர்னியா நோக்கிப் போய்க்கொண்டிருந்த வண்டித் தொடரை அந்த வட்டாரத்து மார்மன் படையினர் வெள்ளைக் கொடி காட்டி ஏமாற்றி வெளியே அழைத்து, பையூட் பழங்குடியினர் சிலரையும் சேர்த்துக்கொண்டு கொன்றார்கள். ஏறத்தாழ 120 பேர் மாண்டார்கள். சிறு குழந்தைகள் 17 பேர் மட்டும் விடப்பட்டார்கள். இருபது ஆண்டுகள் கழித்து, 1877இல், ஜான் டி. லீ என்ற ஒரே ஒருவருக்கு மரணதண்டனை நிறைவேறியது. பழியின் பெரும்பங்கு அவர்மேலும் பையூட் மக்கள்மேலும் சுமத்தப்பட்டது. 1859இல் அமெரிக்க ராணுவத்தினர் எலும்புகளைப் புதைத்து எழுப்பிய கற்குவியல் நினைவிடம், 1861இல் சபைத் தலைவர் பிரிகாம் யங் அங்கு வந்துபோனபோது பிரித்தெறியப்பட்டது. அறிக்கையிடுவதைக் கடமையாகப் போதித்த சபை, தன் விஷயத்தில் வாய் திறக்க 150 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. 2007 செப்டம்பர் 11 அன்று ஹென்றி பி. ஐரிங் அதே இடத்தில் நின்று சபையின் சார்பில் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார். தகாத பழியைச் சுமந்த பையூட் மக்களிடம் தனியாகவும் வருத்தம் தெரிவித்தார். மறு ஆண்டு, சபையின் வரலாற்றாசிரியர்கள் மூவர் எழுதிய விரிவான நூல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் வழியே வந்தது. காலம் கடந்தது என்பது உண்மை. ஆனால் போதனை தன்னைப் போதித்தவர்களையே கடைசியில் அந்த வாசலுக்கு இழுத்து வந்தது என்பதும் உண்மை. தலைமுறைகள் காத்திருந்த சந்ததியாருக்கு, யார் செய்தது என்ற ஒரு வாக்கியம் உரியவரின் வாயிலிருந்து வருவதே கழுவாயின் முதல் படியாக இருந்தது.

இந்த அளவுகோலை இனி நம் மலைகளின் பக்கம் கொண்டுவருவோம். ஆலங்காயத்துக்கு மேலே ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் உறவுகள் ஏலகிரி, சித்தேரி, கல்வராயன் என்று பரந்திருப்பவை. இந்த மலைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு வரமும் சாபமும் சந்தனமரம். திருப்பத்தூரில் அரசின் சந்தனக் கிடங்கு இருப்பது அதனால்தான். 1992 ஜூன் 20 அன்று தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்திக்குள் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி நுழைந்தார்கள். 18 பெண்கள் வன்புணர்வுக்கு ஆளானார்கள். வீடுகள் சூறையாடப்பட்டன, குடிக்கும் கிணற்றில் எண்ணெய் கலக்கப்பட்டது, ஊரே சிறைக்குப் போனது. குற்றம் செய்தவர்களே முதலில் குற்றம் சாட்டுபவர்களாக இருந்தார்கள். தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் துணைநிற்க, உயர் நீதிமன்ற உத்தரவால் வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்குப் போனது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று முடிவானது. அவர்கள் மேல்முறையீடு செய்தார்கள். சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2023 செப்டம்பர் 29 அன்று, சென்னை உயர் நீதிமன்றம் அந்த முறையீடுகளைத் தள்ளியது.

அந்த 2023 தீர்ப்பில் மூன்று கூறுகள் என் வாதத்துக்கு வேண்டியவை. தீர்ப்புக்கு முன்பு நீதிபதி பி. வேல்முருகன் வாச்சாத்திக்கே நேரில் போனார். சட்டம் ஒரு மலைக்கிராமத்து வாசலில் போய் நின்றது. அடுத்து, வன்புணர்வுக்கு ஆளான ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று சொல்லிவிட்டு, அதில் பாதியான 5 லட்சத்தைக் குற்றவாளிகளிடமிருந்தே வசூலிக்க வேண்டும் என்றது. இழப்பீடு முழுவதையும் கருவூலம் கொடுத்திருந்தால் அது நிவாரணம்; செய்தவரின் கையிலிருந்து வரும்போதுதான் அது கழுவாயின் பக்கம் திரும்புகிறது. மூன்றாவதாக, அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், வன அலுவலர் மீதும் நடவடிக்கை வேண்டும் என்றது. கைநீட்டியவர் மட்டுமன்றிக் கண்மூடியவரும் கடன்காரர் என்பது அதன் பொருள். நீதிமன்றம் இறையியல் பேசவில்லை. ஆயினும், குற்றத்தைப் பெயர் சொல்லி அறிவிப்பது, பாதிக்கப்பட்டவர் முன் நிற்பது, செய்தவரின் கைப்பொருளிலிருந்து ஈடுசெய்வது என்று மார்மன் போதனை அடுக்கும் படிகளை அது ஏறக்குறைய அப்படியே அடுக்கியது. ஒரு படி மட்டும் நீதிமன்றத்தால் தர முடியாதது. அந்த 215 பேரின் மனத்திலிருந்து 'நான் செய்தேன்' என்ற சொல்லை எந்தத் தீர்ப்பாலும் வரவழைக்க முடியாது.

இங்கே எழும் பலமான ஆட்சேபம் இது: எல்லாரையும் மன்னிப்பது கடமை என்றால், வாச்சாத்திப் பெண்கள் 1992லேயே மன்னித்துவிட்டு வீட்டில் இருந்திருக்க வேண்டுமா? மன்னிப்பு என்ற சொல்லைப் பலமுள்ளவர்கள் பலவீனர்களின் வாயை அடைக்கப் பயன்படுத்தவில்லையா? பயன்படுத்தியிருக்கிறார்கள், எல்லாச் சமயத்திலும், எல்லாச் சாதியிலும், எல்லாக் குடும்பத்திலும். ஆனால் மன்னிப்பும் வழக்கும் ஒன்றையொன்று அழிப்பவை அல்ல. 1999 ஜனவரியில் ஒரிசாவின் மனோகர்பூரில் கிரஹாம் ஸ்டெயின்ஸும் அவருடைய இரண்டு சிறு மகன்களும் வண்டியில் உறங்கிக்கொண்டிருந்தபோது எரித்துக் கொல்லப்பட்டார்கள். மனைவி கிளாடிஸ் கொலையாளிகளை மன்னித்ததாக அறிவித்தார். பாரிபதாவில் தொழுநோயாளிகளுக்கான பணியைத் தொடர்ந்தார். வழக்கோ தன் வழியில் நடந்தது. தாரா சிங்குக்கு ஆயுள் தண்டனையை 2011இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. கிளாடிஸின் மன்னிப்பு நீதியைத் தடுக்கவும் இல்லை, நீதிக்காகக் காத்திருக்கவும் இல்லை. தன் மீதி வாழ்நாளைக் கொலைகாரனின் கையில் ஒப்படைக்க மறுத்ததே அந்த மன்னிப்பு. இதை ஒருவர் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளலாம். ஆகவே ஒரு விதியை நான் வலியுறுத்துவேன்: மன்னிக்கும் கடமையை நினைவூட்டும் உரிமை தீங்கு செய்தவருக்குக் கிடையாது, அவருக்காகப் பேச வந்தவருக்கும் கிடையாது. வாச்சாத்திப் பெண்கள் முப்பது ஆண்டுகள் நீதிமன்றப் படி ஏறியது பழிவாங்கல் அல்ல. தங்களுக்கு நடந்ததைப் பொய் என்று சொல்ல விடமாட்டோம் என்ற உறுதி.

இரண்டாவது ஆட்சேபம் தத்துவத்தில் இருந்து வருவது. வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்று வளர்ந்த நமக்கு, ஒருவர் பாவத்துக்காக இன்னொருவர் மரிப்பது என்ற கிறிஸ்தவப் போதனை நெருடும். அந்த நெருடலை மார்மன் புஸ்தகமே எழுப்பிப் பார்க்கிறது என்பது பலருக்குத் தெரியாது. அமுலேக் என்ற போதகர், ஒருவன் கொலை செய்தால் நம் நியாயமான சட்டம் அவன் சகோதரனின் உயிரை எடுக்குமா என்று கேட்டு, எடுக்காது என்று தானே பதில் சொல்கிறார். ஆதாமின் மீறுதலுக்காக அல்ல, தங்கள் சொந்தப் பாவங்களுக்காகவே மனிதர் தண்டிக்கப்படுவர் என்பது அவர்களின் விசுவாசப் பிரமாணங்களில் இரண்டாவது. அப்படியானால் கிறிஸ்துவின் பாவநிவர்த்தி எதற்கு? மனிதர் ஒருவருக்கொருவர் செய்ய முடியாத ஈட்டை எல்லையற்ற ஒருவர் செய்கிறார் என்பது அமுலேக்கின் விடை. அதே நூலில் ஆல்மா இதற்கு இன்னொரு பக்கத்தைத் திறக்கிறார். கிறிஸ்து பாவங்களோடு, மனிதர்களின் வலிகளையும் நோய்களையும் பலவீனங்களையும் தம்மேல் ஏற்கிறார், துன்பப்படுவோருக்கு எப்படி உதவுவது என்று தம் உடலால் அறிவதற்காக. நான் அறிந்தவரை இது அவர்களின் போதனையில் மிக ஆழமான இடம். பாவநிவர்த்தி பாவிக்கு மட்டும் உரியதல்ல. பாவத்தால் காயப்பட்டவருக்கும் உரியது. விசுவாசம் இல்லாதவரும் இதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு: குற்றவாளியின் விடுதலையை மட்டும் பேசி, காயப்பட்டவரை மறக்கும் எந்தக் கழுவாயும் அரைக் கழுவாயே.

மூன்றாவது ஆட்சேபம் எதிர்த்திசையிலிருந்து வருகிறது. ஈடுசெய்தலை இவ்வளவு வலியுறுத்தினால் மனிதர் நொறுங்கிவிட மாட்டார்களா? இதற்கும் அச்சபையின் அனுபவமே சான்று. பின்னாளில் அதன் தலைவரான ஸ்பென்சர் கிம்பல் 1969இல் 'மன்னிப்பின் அற்புதம்' என்ற பொருளுடைய பெயரில் எழுதிய நூல் தலைமுறைகளாக வாசிக்கப்பட்டது. அதன் கண்டிப்பு பலரை நம்பிக்கையிழக்க வைத்தது என்ற முறையீடும் அவர்களுக்குள்ளேயே எழுந்தது. ஸ்டீபன் ராபின்சன் என்ற இறையியலாளர் 1992இல் இதற்கு மாற்றாகக் கிருபையை முன்வைத்து எழுதினார். சைக்கிள் வாங்கக் காசு சேர்த்த சிறுமியின் கையில் சில்லறைதான் இருக்கிறது, மீதியைத் தந்தை போடுகிறார் என்பது அவர் சொன்ன உவமை. எனக்கு இந்த இரண்டு குரலும் வேண்டும். இறந்தவரைத் திருப்பித் தர முடியாது. இளமையைத் திருப்பித் தர முடியாது. எந்த ஈட்டுக்குப் பிறகும் ஒரு மீதி நிற்கும். அந்த மீதியைத் தீர்க்க முடியாது என்பதால் கையில் இருக்கும் சில்லறையைப் போடாமல் இருப்பது ஏய்ப்பு. சில்லறையைப் போட்டதால் மீதியே இல்லை என்று பேசுவது பொய். மனந்திரும்பியவர் இந்த மீதியோடு வாழக் கற்றவர்.

நம் ஊர்ப் பஞ்சாயத்துகளுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. தண்டம் கட்டி, சபை முன் விழுந்து கும்பிட்டால் வழக்கு முடிந்தது என்பது மலையிலும் கீழேயும் நெடுநாள் வழக்கம். வெட்டுக்குத்தைத் தடுத்து ஊரை ஒன்றாக வைத்திருந்ததில் அதற்குப் பங்குண்டு. ஆனால் பல இடங்களில் தண்டப்பணம் போனது ஊர்ப்பொதுவுக்கு அல்லது கோயிலுக்கு. விழுந்தது பெரியவர்களின் காலில். தீங்கு பட்டவருக்கு, அதிலும் அவர் பெண்ணாக இருந்தால், அந்தச் சபையில் உட்கார இடமே இருந்ததில்லை. பரிகாரத்தில் பார்த்த அதே குறை இங்கும். கழுவாய் பக்கத்துத் தெருவோடு நின்றுவிடுகிறது. அதைவிடக் கொடிது, குற்றத்துக்குப் பெயரே வைக்கப்படாத நிலை. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லப்பட்ட 20 தமிழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்; அவர்களில் ஜவ்வாது மலைக்காரர்களும் இருந்தார்கள். தற்காப்பு என்றது காவல் தரப்பு. போலி மோதல் என்றன மனித உரிமை அமைப்புகள். உண்மை என்னவென்று ஒப்புக்கொள்ளப்படாத இடத்தில் அந்தக் குடும்பங்களிடம் போய் மன்னிப்பைப் பற்றிப் பேச ஒருவருக்கும் வாயில்லை.

இந்த மலைகளின் தெற்கே செங்கம் பகுதியெங்கும் பல்லவர் காலத்திலிருந்து நடுகற்கள் நிற்கின்றன. ஆநிரைப் பூசலில் விழுந்தவனின் பெயரையும், எந்த ஊருக்காக விழுந்தான் என்பதையும் கல்லில் வெட்டி, அதற்குப் படையலும் வைத்தார்கள். தீராத மீதியை ஊர் முழுதும் சேர்ந்து சுமப்பதற்கு நம் முன்னோர் கண்ட வழி அது. மவுண்டன் மெடோஸில் கல்லைப் பிரித்தெறிந்தவர்களின் வாரிசுகளும் கடைசியில் அந்தக் கல்லைத் திரும்ப அடுக்க வேண்டிவந்தது. ஆனால் கல் நடுவது கடைசி வேலை. அதற்கு முன்னால் உயிரோடிருப்பவரின் வாசல் இருக்கிறது. பூசைத்தட்டோடு கோயிலுக்குப் புறப்படுபவர், தான் பிடித்துவைத்த கூலியின் ஞாபகம் வந்தால் தட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு, முதலில் அந்தத் தெருவுக்குத் திரும்ப வேண்டும். பழி பரப்பியவர், பரப்பிய அதே டீக்கடையில் நின்று 'நான் சொன்னது பொய்' என்று சொல்ல வேண்டும். கதவு திறக்காமல் போகலாம். திறப்பதும் மூடுவதும் அந்த வீட்டாரின் உரிமை. போனவரின் வேலை, கூலியைத் திண்ணையில் வைத்துவிட்டு வருவதும், அடுத்த வாரம் மறுபடி போவதும்தான். கோயில் எங்கும் போய்விடாது.